சூப்பர் கம்ப்யூட்டர் வாங்கியாச்சு... மென்பொருளை ஓடவைப்பது யார்?

1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் மூவரும், ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் வளைய முடியும் என்று கணக்கிட்டு ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். இன்று புரதங்களைக் கம்ப்யூட்டருக்குள் அசையவிட்டுப் பார்க்கும் குரோமாக்ஸ் என்ற இலவச மென்பொருளில், அந்த வரைபடத்தைப் போடுவதற்கென்றே 'ராமா' என்று ஒரு கட்டளை இருக்கிறது. சென்னைக்குப் பெருமைதான். ஆனால் அந்தக் கட்டளை வரை போய்ச் சேர, ஓர் ஆய்வு மாணவர் முதலில் குரோமாக்ஸைப் பல்கலைக்கழக கிளஸ்டரில் ஓடவைக்க வேண்டும். பல வாரங்கள் காணாமல் போவது அங்கேதான்.

கிளஸ்டர் என்பது ஒரே பெரிய கம்ப்யூட்டர் அல்ல. வேகமான நெட்வொர்க்கால் இணைத்த பல சர்வர்களின் கூட்டம். ஒவ்வொன்றுக்கும் நோடு என்று பெயர். மாணவர் நுழைவது லாகின் நோடில். அங்கே கணக்குப் போடக் கூடாது. எத்தனை கோர், எத்தனை மணி நேரம் வேண்டும் என்று எழுதி வரிசையில் போட வேண்டும். இடம் காலியானதும் ஸ்லர்ம் போன்ற மென்பொருள் அந்த வேலையை உள்ளே அனுப்பும்.

இப்போது சிக்கலுக்கு வருவோம். லாகின் நோடில் குரோமாக்ஸைக் கம்பைல் செய்தால், அது அங்குள்ள சிப்பைப் பார்த்துத் தன்னை அமைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் நோடுகளின் சிப் பழையதாக இருந்தால், ஓடத் தொடங்கியதுமே 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று விழுந்துவிடும். அது பரவாயில்லை, தப்பு கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளே புதிய சிப் இருந்தால்தான் வம்பு. எந்தப் பிழையும் வராது. ஓடும், ஆனால் ஓட வேண்டிய வேகத்தில் ஓடாது. இதைவிட வேகமான அமைப்பு உண்டு என்று லாக் ஃபைலில் ஒரு குறிப்பு மட்டும் இருக்கும். அதை யார் படிக்கிறார்கள்?

வேறு சில மென்பொருள்களில் இன்னொரு கூத்து. 48 கோர் உள்ள நோடில் 48 எம்பிஐ செயல்களைத் தொடங்கி, ஒவ்வொன்றையும் 48 த்ரெட் திறக்க விட்டால், 2,304 த்ரெட்கள் 48 இடத்துக்கு முட்டிமோதும். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு தி.நகர் ரங்கநாதன் தெருதான். எல்லோரும் நகர்கிறார்கள், யாரும் போய்ச் சேரவில்லை. வெளியிலிருந்து பார்த்தாலோ 'கிளஸ்டர் 100 சதவீதம் பயன்பாட்டில்' என்று தெரியும்.

இது பொதுப் பணம். 2015-ல் தொடங்கிய தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது 4,500 கோடி ரூபாய். அதன் கீழ்தான் திருச்சி என்ஐடியில் 2022-ல் 838 டெராஃப்ளாப் வேகமுள்ள 'பரம் பொருள்' வந்தது. இயந்திரத்துக்குத் திறப்பு விழா உண்டு. அதைப் பழக்குகிறவருக்குப் பல இடங்களில் பதவியே கிடையாது. விஷயம் தெரிந்த ஏதோ ஒரு பிஎச்டி மாணவர் தலையில்தான் அது விழுகிறது. அவர் தீசிஸ் கொடுத்துவிட்டுப் போகும்போது அந்த அறிவும் கூடவே போய்விடுகிறது. அடுத்து வருபவர் மறுபடி முதலிலிருந்து.

செய்ய முடியாத காரியமல்ல இது. அடையாறுக்குப் பக்கத்தில், தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் 2004-லேயே 'கப்ரு' என்ற 144 நோடு கிளஸ்டரை அமைத்து, உலகின் டாப் 500 பட்டியலில் இடம்பிடித்தது. குவார்க்குகள் பற்றிய கணக்கில் ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளியோடு மட்டும் பேசினால் போதும். கப்ருவின் நோடுகளும் அப்படியே, முப்பரிமாண வலையாக, அக்கம்பக்கத்து நோடுகளோடு நேரடியாக இணைக்கப்பட்டன. கணக்கு தெரிந்தவர்களும் கம்பி இழுத்தவர்களும் ஒரே மேஜையில் உட்காராமல் அது நடக்காது.

கன்டெய்னர் வந்துவிட்டதே, ரெடிமேடாக இறக்கிக்கொள்ளலாமே என்பார்கள். உதவும்தான். ஆனால் அந்த கன்டெய்னரும் இந்த கிளஸ்டரின் நெட்வொர்க்கோடு ஒத்துப்போகிறதா என்று யாராவது சோதித்தாக வேண்டும். பிரிட்டனில் 2012-லேயே இந்த வேலைக்கு 'ரிசர்ச் சாஃப்ட்வேர் இன்ஜினீயர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இங்கே அடுத்த கிளஸ்டருக்கு டெண்டர் எழுதும்போது, ஏசி, யுபிஎஸ் வரிகளுக்குக் கீழே இரண்டு பேரின் நிரந்தரச் சம்பளத்தையும் சேர்த்து எழுதலாம்.