புல்வெட்டியின் புகை
2024 மாடல் முதல் தயாராகும் புல்வெட்டும் இயந்திரங்கள் புகை விடக் கூடாது என்று கலிபோர்னியா 2021இல் விதி செய்தது. முழுமனதோடு வரவேற்கிறேன். தொழில்முறைப் பெட்ரோல் புல்வெட்டி ஒரு மணி நேரம் ஓடினால், கார் 300 மைல் ஓடியதற்கு ஈடான மாசு என்கிறது அந்த மாநிலத்தின் காற்றுவள வாரியம். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர், நாள் முழுக்க இயந்திரத்தின் பின்னாலேயே நடக்கும் தோட்டத் தொழிலாளி. பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து பிழைக்க வந்தவர். புகை விடாத புல்வெட்டி பேட்டரியில் ஓடுவது; சொந்த வீட்டுப் புல்தரைக்கு ஒரு பேட்டரி போதும். காலையிலிருந்து மாலைவரை வீடு வீடாகப் போகிறவருக்கு மாற்றுப் பேட்டரிகள் பல வேண்டும், செலவே அங்கேதான். இந்த மாற்றத்துக்காக அரசு ஒதுக்கிய 3 கோடி டாலர் அவர் கைக்குப் போய்ச் சேரட்டும். போதாவிட்டால் இன்னும் ஒதுக்கட்டும்.