கிற்றார் மோகமும் செவிச் செல்வமும்

“இதுவும் ஓர் இசையா?” என்று கேட்டுவிடுதல் மிக எளிது. அவ்வினாவை எழுப்புவோர் பெரும்பாலும் விடையை எதிர்பார்ப்பதில்லை. நம் ஆசிரிய உலகிலே அக்கேள்வி எழும்போதெல்லாம் கிற்றார் வாசிக்கும் இளைஞன் ஒருவன் தலைகுனிந்து வெளியேறுகின்றான். அத்தகைய ஒருவனை முன்னிட்டே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

பதுளையிலிருந்து மலையிறங்கி வரும் நெடுஞ்சாலை திருகோணமலை வீதியைச் சந்திக்குமிடம் எங்கள் செங்கலடி. அருகே வந்தாறுமூலையிற் கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்திருப்பதால், மாலை வேளைகளில் இங்குள்ள தேநீர்க் கடைகளில் மாணவர் பேச்சுக்குக் குறைவில்லை. அண்மையில் ஒரு நாள், மூன்று இளைஞர்கள் ஓர் இசைத் தொகுப்பைப் பற்றி உணவையும் மறந்து வாதிட்டுக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவன் என்னிடம் பயின்றவன். நான் புன்னகையோடு தலையசைத்ததை அவன் ஏளனமென்று கொண்டான் போலும். “சேர், ஒருக்கா முழுசாக் கேட்டுப் பாத்திட்டுச் சொல்லுங்க” என்று ஒலிக்கருவியை என்னிடம் நீட்டினான். அவன் கூறியது நியாயமாகவே பட்டது. அன்றிரவு முதலிலிருந்து முடிவு வரை கேட்டேன்.

அத்தொகுப்பு 2006இல் வெளிவந்த ‘இலெக்ட்ரிக் கணேஷா லாண்ட்’ என்பது. அதனை ஆக்கியவர் கிற்றார் பிரசன்னா. தமிழ்நாட்டின் இராணிப்பேட்டையைச் சேர்ந்த இவர், சென்னை ஐ.ஐ.ரி.யிற் கப்பற் கட்டுமானப் பொறியியலும், பின்னர் அமெரிக்காவின் பேர்க்லி இசைக் கல்லூரியில் மேனாட்டிசையும் பயின்றவர். கர்நாடக சங்கீதக் கிருதிகளை மின்கிற்றாரில் வாசித்துப் பெயர்பெற்றவர். 1970இல், தமது 27ஆவது வயதிலேயே மறைந்த அமெரிக்கக் கிற்றார்க் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கு அவர் செலுத்திய அஞ்சலியே இப்படைப்பு. ஹெண்ட்ரிக்ஸ் 1968இல் வெளியிட்ட ‘இலெக்ட்ரிக் லேடிலாண்ட்’ என்னும் இசைத்தட்டின் பெயரை விநாயகர் திருநாமத்தோடு பிணைத்துத் தலைப்பிட்டிருக்கின்றார். ‘ஸ்ரீ ஜிமி’ என்று ஓர் உருப்படி. திருவல்லிக்கேணியைத் தன் பெயரிலே தாங்கிய இன்னோர் உருப்படி. றொக் இசையின் ஓங்கிய மின்னொலியும் தென்னாட்டுத் தாளக் கணக்கும் அங்கே நேருக்கு நேர் நிற்கின்றன.

முதற்பகுதி என் செவிக்கு இரைச்சலாகவே இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. மூன்றாம் உருப்படியை எட்டியபோது அந்த இரைச்சலுக்குள் ஓர் ஒழுங்கு புலப்படலாயிற்று. முன்பு வந்த ஒரு பிடி பின்னர் வேறு கோலத்தில் மீண்டும் வந்தது போன்ற உணர்வு உண்டாயிற்று. முழுவதையும் கேட்டிராவிட்டால் இதனை அறிந்திருக்க மாட்டேன்.

இவ்வாறு ஒரு கருத்தை நடுநாயகமாகக் கொண்டு முழு இசைத்தட்டையும் ஒரே ஆக்கமாகப் படைக்கும் வழக்கம், 1960களின் பிற்பகுதியில் மேனாட்டு றொக் இசையில் வேரூன்றியது. பீற்றில்ஸ் குழுவினரின் ‘சார்ஜன்ற் பெப்பர்’ (1967), ‘த ஹூ’ குழுவினரின் ‘டொமி’ (1969), பிங்க் ஃபுளொயிட் குழுவினரின் ‘த டார்க் சைட் ஒஃப் த மூன்’ (1973) ஆகியவற்றை இதற்குச் சான்றாகக் கூறுவர். நம்மவருள் இளையராஜா 1986இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இற்?’ என்னும் தொகுப்பைத் தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கினார். திரைப்படக் கதையின் துணையின்றி அவரது இசை தனித்து நின்ற ஆக்கம் அது.

மட்டக்களப்பாருக்கு இத்தகைய அமைப்பு அந்நியமானதன்று. வடமோடியாயினும் தென்மோடியாயினும் நமது கூத்து இரவெல்லாம் நிகழ்வது. அண்ணாவியாரின் மத்தளம் முழங்க, ஒவ்வொரு பாத்திரமும் தன் வரவுத்தருவோடு களரிக்கு வருகின்றது. ஒவ்வோர் ஆட்டமும் அதற்கு முந்தியதன் தொடர்ச்சியாகவே பொருள் பெறுகின்றது. “போர்க்கட்டத்தை மட்டும் ஆடிக் காட்டுங்கள்” என்று களரியைச் சுற்றி அமர்ந்திருக்கும் எவரும் கேட்பதில்லை. விடியுமட்டும் விழித்திருந்து கூத்துப் பார்த்த மக்களின் பேரப்பிள்ளைகள், ஓர் இசையாக்கத்தை ஒரு மணிநேரம் அமர்ந்து கேட்பது பாரம்பரியத்தைக் கைவிடுதலாகுமா?

ஆயினும், “கருவி அந்நியமானதாயிற்றே” என்பர் சிலர். வயலின் எங்கிருந்து வந்தது? முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் அதனை மேனாட்டாரிடமிருந்து கற்றுக் கர்நாடக இசைக்கு உரியதாக்கினார். இன்று வயலினின்றி வாய்ப்பாட்டுக் கச்சேரியை எண்ணிப் பார்ப்பதும் அரிது. ஆர்மோனியத்தின் கதையோ வேறு. 1940இல் அகில இந்திய வானொலி அதற்கு விதித்த தடை 1971இலேயே தளர்த்தப்பட்டது. ஆர்மோனியத்திற் கமகம் பேசாது என்ற வாதத்தில் உண்மையுண்டு. எனினும் அத்தடை பல நல்ல கலைஞர்களின் விரல்களையும் கட்டிப்போட்டது. நம்மூரிலேயே, போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் வீட்டுத் திருமணங்களில் வயலின் இசைக்கு ஆடும் வழக்கம் தலைமுறைகளாய் நிலைத்துள்ளது. மட்டுநகர் வாவி அந்த ஒலியையும் தன்னுடையதாகவே ஏற்றுக்கொண்டது.

கமகம் பற்றிய ஆட்சேபத்தை மட்டும் இலேசாகத் தள்ளிவிட இயலாது. வீணையின் 24 மெட்டுக்களும் மெழுகின்மீது உயர்ந்து நிற்பவை. ஆதலின் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரே மெட்டிற் பல சுரங்களைப் பேசவைக்கலாம். கிற்றாரின் மெட்டுக்களோ தாழ்ந்தவை. ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம கூறுகளாக வகுப்பவை. தோடியின் காந்தாரம் மெட்டின்மேல் விரலை ஊன்றியதும் கிடைத்துவிடுவதன்று. அசைவிலேதான் அதன் உயிர் இருக்கின்றது. அவ்வசைவைக் கிற்றாரிற் பெறுவதற்குத் தந்தியை வளைத்தும், விரலை வழுக்கியும் பல்லாண்டு உழைத்தல் வேண்டும். ஜோன் மக்லக்லின் என்ற ஆங்கிலேயக் கலைஞர், 1970களில் ‘சக்தி’ குழுவிற்கென ஒரு கிற்றாரையே புதிதாகச் செய்வித்தார். மெட்டுக்களுக்கு இடையே பலகை குடையப்பட்டிருந்தமையால் வீணையைப் போற் தந்தியை இழுக்க முடிந்தது. உடனொலிக்கும் தந்திகளும் அதிற் பூட்டப்பட்டன. அக்குழுவில் அவரோடு வயலின் வாசித்த எல். சங்கர், யாழ்ப்பாணத்தில் இளமையைக் கழித்தவர் என்பது நமக்குப் பெருமை தருவது.

இவ்வளவும் இளைஞர் சார்பிற் கூறினேன். இனி அவர்களிடமும் ஒரு குறையைச் சொல்லவேண்டும். அன்றைய வாதத்தில் நான் அதிகமாகக் கேட்ட சொல் “வேகம்” என்பது. ஒரு நொடியில் எத்தனை சுரம், எவர் எவரை வென்றார் என்பதே பேச்சாயிருந்தது. விரல் வேகம் பயிற்சியின் பயன். அதற்குரிய மதிப்பைத் தருவோம். ஆனால் ஒரு சுரத்திற் கலைஞன் ஏன் நின்றான், எந்த இடத்தில் மௌனம் காத்தான் என்பதையும் இரசிகன் கவனித்தல் வேண்டும். இரண்டாவது, பாராட்டுக்கு வசதியான பகுதியை மட்டும் கேட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவும் பழக்கம். மூன்றாவது, பின்னே அமர்ந்து தாளம் காத்தவர்களின் பெயரைக்கூட அறியாத அலட்சியம். வியப்பு நல்லதொரு தொடக்கம்; அது ஆராய்ச்சியாக வளராவிடின் அடுத்த ஆண்டு வேறொரு வியப்புக்கு இடங்கொடுத்து மறைந்துவிடும்.

வியப்பு ஆராய்ச்சியாகும் விதத்தை அறிய நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. 1892இற் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்த யாழின்மீது தீராத காதல் கொண்டவர். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியான அவர், பழம்பெருமை பேசுவதோடு அமையாமல், பண்டைய நூல்களைத் துருவி, சுருதிகளின் அளவைக் கணித முறையால் ஆராய்ந்தார். அவ்வுழைப்பின் பயனாகிய ‘யாழ்நூல்’ 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். ஒரு தந்திக் கருவியின்மீது கொண்ட மோகம் எவ்வளவு பெரிய நூலாக மலரக்கூடும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. கிற்றாரை நேசிக்கும் நம் மாணவர், அதன் மெட்டுக்கும் வீணையின் மெட்டுக்குமுள்ள வேறுபாட்டை அளந்து, நல்ல தமிழில் ஒரு கட்டுரை எழுதினால், அடிகளின் மண்ணுக்கு அதைவிடப் பொருத்தமான காணிக்கை யாது?

இறுதியாக என் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடசாலை வாணி விழாவிலே, கிற்றாரில் ஒரு கீர்த்தனை வாசிக்க மாணவன் ஒருவன் அனுமதி கேட்டான். விழாக் குழு மறுத்துவிட்டது. அக்குழுவில் நானும் இருந்தேன். “தம்பி, வாசித்துக் காட்டு, கேட்போம்” என்று சொல்ல எங்களுள் ஒருவருக்கும் நா எழவில்லை. “இதுவும் ஓர் இசையா?” என்ற கேள்வியோடு கூட்டம் கலைந்தது. அன்று வெறுங்கையோடு திரும்பிய அம்மாணவனே, அந்தத் தேநீர்க் கடையில் என்னிடம் ஒலிக்கருவியை நீட்டியவன். நாங்கள் அவனுக்கு அளிக்காத செவியை அவன் என்னிடம் பொறுமையோடு கேட்டுப் பெற்றுக்கொண்டான்.

ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த வாணி விழாவுக்கு ஒரு மாணவன் கிற்றாரோடு வந்து நின்றால், முதலில் அவன் வாசிக்கட்டும். பிடிக்கவில்லையாயின் காரணத்தோடு சொல்லுவோம். அது கேட்டவர்களின் தீர்ப்பாக இருக்கும். கலைமகளின் திருக்கரத்திலே இருப்பதும் ஒரு தந்திக் கருவிதானே!