பச்சைப் பட்டனுக்கு முன்னால்

சி.என்.சி. வந்த பிறகு தொழிலே செத்துப்போச்சு என்று புலம்புகிற என் வயசுக்காரர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. பம்பு கம்பெனி டூல் ரூமில் 34 வருஷம் மில்லிங் மெஷினின் கைச்சக்கரம் சுற்றியவன் நான். தோள்பட்டை தேய்ந்ததே தவிர அதில் தெய்வீகம் ஒன்றும் இல்லை. மெஷின் தானே சுற்றிக்கொள்கிறது என்றால் நல்லதுதான்.

என் வருத்தம் வேறு. கணபதி, பீளமேடு பக்கத்துப் பட்டறைகளில் டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடித்துச் சேருகிற பையன்களுக்கு முதல் வேலை என்ன தெரியுமா? ஜாப்பை வைஸில் வை, கதவைச் சாத்து, பச்சைப் பட்டனை அமுக்கு, நின்றதும் எடுத்து ஏர் அடித்துத் தட்டில் அடுக்கு. பல பேருக்குக் கடைசி வேலையும் அதுதான். என் தங்கையின் பேரன் ஒரு வருஷம் இப்படி நின்றான். ஆஃப்செட் பக்கத்தைத் திறந்தாலே திட்டு. "செட்டர் வந்து பார்த்துக்குவார், நீ கை வைக்காதே." ஒரு வருஷ அனுபவம் என்று எழுதிக்கொள்ளலாம், ஜி54 எதற்கு என்று அவனுக்குத் தெரியாது. செட்டர் ஆகாமல் சம்பளம் ஏறாது. தொடவே விடாவிட்டால் எப்படிச் செட்டர் ஆவது?

முதலாளிகள் சொல்கிற காரணம் புரியாமல் இல்லை. ஸ்பிண்டில் போய் வைஸில் மோதினால் செலவு லட்சத்தில். கற்றுக்கொண்ட பையன் அடுத்த பட்டறைக்குத் தாவுவான் என்பதும் உண்மை. ஆனாலும் நான் கேட்பது ஒரு அலுமினியத் துண்டு, ஒரு 10 மி.மீ. எண்ட் மில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரு சின்னப் பாகத்தை முதலிலிருந்து கடைசி வரை பையன் தன் கையால் செய்து பார்க்க வேண்டும்.

சிநேகிதர் ஒருவர் பட்டறையில் பேரனுக்கு அந்த ஞாயிறு கிடைத்தது. 48 மி.மீ. சதுரம், 20 மி.மீ. கனம், நடுவில் ஒரு பள்ளம். முதல் இரண்டு மணி நேரம் எதையுமே வெட்டவில்லை. வைஸ் நேராக இருக்கிறதா என்று டயல் வைத்துப் பார்த்தான். (அடியில் ஒரு சின்னச் சுருள் கிடந்தாலும் ஜாப் சாய்ந்து உட்காரும். துடைப்பதையும் ஒரு வேலையாகச் சொல்லித்தர வேண்டும், யாரும் சொல்வதில்லை.) அப்புறம் எட்ஜ் ஃபைண்டர். 10 மி.மீ. விட்டம். இடது முகத்தைத் தொட்டு நிற்கும்போது ஸ்பிண்டில் மையம் முகத்துக்கு 5 மி.மீ. வெளியே இருக்கும். அந்த 5-ஐக் கூட்டுவதா கழிப்பதா என்பதில் அரை மணி நேரம் போனது. நான் வாயைத் திறக்கவில்லை. இசட்டை 50 மி.மீ. தூக்கிவைத்து, ராபிட்டைக் குறைத்து, சிங்கிள் பிளாக்கில் காற்றில் ஓட்டினான். கட்டர் 10 மி.மீ. தள்ளி நடந்தது. கூட்ட வேண்டியதைக் கழித்திருந்தான். அவனே பார்த்து, அவனே திருத்தினான்.

"சுத்து எவ்வளவுன்னு மெஷினே கணக்குப் போட்டுக்காதுங்களா தாத்தா?" போட்டுக்காது. ஹை ஸ்பீடு ஸ்டீல் கட்டருக்கு அலுமினியத்தில் நிமிஷத்துக்கு 75 மீட்டர் வெட்டு வேகம் என்று வைத்தால், 10 மி.மீ. விட்டத்துக்குச் சுமார் 2,400 சுற்று. இரண்டு பல், பல்லுக்கு 0.05 மி.மீ. என்றால் ஃபீட் 240. அவன் பயந்துகொண்டு 60 போட்டான். மெதுவாகப் போனால் பத்திரம் என்று எல்லாப் புதியவர்களும் நினைக்கிறார்கள். பல் வெட்டாமல் தேய்க்கும், சூடேறும், அலுமினியம் கட்டரில் அப்பிக்கொள்ளும். கீச்சென்று சத்தம் வந்ததும் பையன் என்னைப் பார்த்தான். பிறகு தானே ஏற்றினான். பயிற்சி நிலையங்களின் கணினித் திரையில் அந்தச் சத்தம் கேட்காது, வைஸும் தளராது.

வைஸிலிருந்து எடுத்ததுமே மைக்ரோமீட்டர் வைத்தான். 48.02. "இன்னொரு கட் எடுத்துரட்டுங்களா?" டீ குடித்துவிட்டு வா என்றேன். இந்த அளவு அலுமினியம் 20 டிகிரி சூடேறினால் 0.02 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலேயே நீளும். டீ முடிந்து வந்து அளந்தால் 48.00.

மொத்தச் செலவு கொஞ்சம் கரண்ட்டும் ஒரு துண்டு அலுமினியமும்தான். கட்டர் முழுசாகவே இருக்கிறது. அப்ரண்டிஸ் என்று பெயர் எழுதி ஆள் எடுக்கிற பட்டறைகளாவது மாதம் ஒரு ஞாயிறு இதைச் செய்யலாம். 1961-ல் அப்ரண்டிஸ் சட்டம் போட்டது பயிற்சிக்காக. பட்டன் அமுக்க ஆள் பிடிப்பதற்கு அல்ல.

பிள்ளைகளை இந்த வேலைக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால், "ஆறு மாசத்துல ஆஃப்செட் போட விடுவீங்களா?" என்று கேட்கச் சொல்லுங்கள். பேரன் கேட்டான். இரண்டு இடத்தில் சிரித்தார்கள். மூன்றாவது இடத்தில் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். சம்பளம் இப்போது வாங்குவதைவிட 1,500 ரூபாய் குறைவு. தங்கைக்கு என் மேல் கோபம்.