யாருடைய கால்?

ஒரு மனிதனின் தொடை எலும்புத் தலையை அறுத்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் வைத்து அடிக்கப் போகிறார்கள் என்றால், அந்தச் செய்தியை முதலில் யாரிடம் சொல்ல வேண்டும்? அசட்டுக் கேள்வியாகத் தோன்றுகிறதல்லவா? நம் ஊரில் அது அசட்டுக் கேள்வியல்ல. நம்மிடையே அந்தச் செய்தி முதலில் மைத்துனனுக்குப் போகிறது. பிறகு பெரியப்பா பிள்ளைக்குப் போகிறது. பணம் புரட்டித் தருகிறவருக்குப் போகிறது. இப்படி ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில்தான் காலுக்குச் சொந்தக்காரனிடம் வந்து சேருகிறது. அதுவும், "ஒண்ணுமில்லே, சின்ன ஆபரேஷன்தான்" என்ற மூன்று வார்த்தைகளாகச் சுருங்கி!

சென்ற ஆண்டு என் வலது இடுப்பு மூட்டை மாற்றினார்கள். எனக்கு வயது நாற்பத்தாறு. எலும்பின் தலைக்குப் போகிற ரத்த ஓட்டம் நின்று, உள்ளுக்குள்ளேயே எலும்பு செத்து நொறுங்குகிற வியாதி. நம் நாட்டில் நடுத்தர வயதிலேயே இந்த ஆபரேஷனுக்கு வருகிறவர்களில் மிகப் பலர் இதனால்தான் வருகிறார்கள். குடியினாலும் வரும், ஸ்டீராய்டு மருந்தினாலும் வரும், அடிபட்டும் வரும், காரணமே தெரியாமலும் வரும். எனக்கு எதனால் வந்தது என்று தாமாகவே முடிவு கட்டிவிட்ட நண்பர்கள், அந்தக் கற்பனை வளத்தைக் கதை எழுதப் பயன்படுத்தினால் தமிழுக்கு லாபம்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கு, நான்கு பக்க ஆங்கிலக் காகிதம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். கட்டிலில் முழு நினைவோடு உட்கார்ந்திருந்த என்னைத் தாண்டி, நாற்காலியில் அரைத் தூக்கத்திலிருந்த என் மைத்துனரிடம் நீட்டினாள். "அட்டெண்டர் இங்கே கையெழுத்துப் போடுங்க சார்." நான் கையை நீட்டினேன். "நீங்க ரெஸ்ட் எடுங்க சார், அவர் போட்டாப் போதும்" என்றாள்.

அந்தப் பெண்மீது எனக்குக் கோபமில்லை. அவளை அப்படிப் பழக்கியிருக்கிறார்கள். ஆனால் பழக்கியவர்களைக் கேட்கிறேன்: யாருடைய கால் ஐயா அது? வயது வந்த, சுயநினைவுள்ள ஒருவரின் உடம்பைத் தொட அவருடைய சம்மதம்தான் வேண்டும். அவசர நிலை இல்லாதபோது பெற்ற தாயின் சம்மதம்கூட அதற்கு ஈடாகாது என்று இந்த நாட்டின் உச்ச நீதிமன்றமே 2008-இல், சமீரா கோலி வழக்கில், தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கில் மயக்கத்திலிருந்த ஒரு பெண்ணின் கர்ப்பப்பையை, வெளியே காத்திருந்த தாயாரின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு எடுத்துவிட்டார்கள். தாய்க்கே இல்லாத உரிமை என் மைத்துனருக்கு எங்கிருந்து வந்தது?

"எல்லாம் சொன்னா பயந்துடுவார் சார்" என்பார்கள். இது அன்பின் மொழி என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். எனக்கென்னவோ இது சோம்பலின் மொழியாகவே படுகிறது. தெரிந்துகொண்டவனுக்கு வருகிற பயத்துக்கு ஓர் அளவு உண்டு. தெரியாதவனின் பயத்துக்கு அளவேது? முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். தூக்கத்துக்கும் கொஞ்சம் மருந்து கொடுப்பார்கள். ஆனால் நடுவில் விழிப்பு வரலாம். வந்தால், மார்புக்கு முன்னால் கட்டிய திரைக்கு அப்பாலிருந்து தச்சுப் பட்டறைச் சத்தம் கேட்கும். ரம்பம் அறுக்கும், சுத்தியல் அடிக்கும், உடம்பு கட்டிலோடு குலுங்கும். வலி இருக்காது. "சத்தம் கேட்கும், பயப்படாதீங்க" என்று சொல்ல எத்தனை விநாடி ஆகும்? எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்தச் சுத்தியல் என் எலும்பைப் பிளந்துகொண்டிருக்கிறது என்றே எண்ணிக் கிடந்தேன். உண்மையில் அந்த அடிதான் உலோகத் தண்டை எலும்புக்குள் இறுக்கமாக உட்கார வைக்கிற அடி. அதை நான் பத்து நாள் கழித்துப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

புத்தகம் இன்னொன்றும் சொல்லிற்று. இந்த ஆபரேஷனுக்கு இன்றைய உருவம் தந்தவர் ஜான் சார்ன்லி என்ற ஆங்கிலேயர். லங்காஷயரில் ரைட்டிங்டன் என்ற ஊர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். எலும்புக் கிண்ணத்துக்கு முதலில் டெஃப்லானைப் பயன்படுத்தினார். சில வருஷங்களில் அது தேய்ந்து, துகள் சதையில் கலந்து, நோயாளிகளைப் படாதபாடு படுத்தியது. அந்தத் துகள் உடம்பை என்ன செய்கிறது என்று பார்க்க, அதைத் தன் தொடையிலேயே வைத்துக்கொண்டு பரீட்சித்தார் மனிதர்! 1962-இல் பாலிஎத்திலீனுக்கு மாறினார். 22 மில்லிமீட்டர் எஃகு உருண்டை, பிளாஸ்டிக் கிண்ணம், எலும்புச் சிமெண்ட் - அந்த ஏற்பாடு நிலைத்தது. 2007-இல் லான்செட் என்ற வைத்தியப் பத்திரிகை இதை நூற்றாண்டின் ஆபரேஷன் என்றே வர்ணித்தது. அதுவல்ல எனக்குப் பெரிதாகப் பட்டது. "நீங்கள் காலமான பிறகு இந்த மூட்டை எடுத்துப் பார்க்க அனுமதி தருவீர்களா?" என்று அவர் தம் நோயாளிகளிடம் கேட்டிருக்கிறார், பலர் தந்தும் இருக்கிறார்கள். செத்த பிறகு செய்யப்போவதற்கே நேரில் கேட்டுச் சம்மதம் வாங்கியவர் உண்டாக்கிய வைத்தியம் இது. நமக்கோ உயிரோடிருக்கும்போதே கேட்க வாய் வரவில்லை.

இனி மறுநாள் கதை. அதுதான் பெரிய கதை.

ஆபரேஷன் ஆன அன்றோ மறுநாளோ நோயாளியை எழுப்பி நிற்க வைப்பார்கள். வாக்கரைப் பிடித்து நாலு எட்டு நடக்கச் சொல்வார்கள். இது கொடுமையல்ல, வைத்தியம். படுத்தே கிடந்தால் காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிரே போகும். அதற்காகத்தான் வயிற்றில் ஊசி போடுகிறார்கள். கணுக்காலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இரு என்கிறார்கள். படுத்தே கிடந்தால் மார்பில் சளி கட்டும், முதுகு புண்ணாகும், மலம் இறுகும். இந்த ஆபரேஷனில் கத்தி பிடிப்பது பாதி, நடப்பது பாதி.

என் அறைக்கு அடுத்த அறையில் ஒரு பாட்டி. எழுபத்தைந்து வயதிருக்கலாம். குளியலறையில் வழுக்கி விழுந்து மூட்டு முறிந்தவள். "ஊசி போட்டு எலும்பைச் சேர்க்கப் போறாங்கம்மா" என்று சொல்லிப் பிள்ளைகள் அழைத்து வந்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் பிசியோதெரபிப் பையன் வந்து, "எழுந்து நில்லுங்க பாட்டி" என்றதும் அந்தம்மாள் போட்ட கூச்சலில் மாடியே அதிர்ந்தது. "என்னைக் கொல்லப் பாக்கறானே!" பிள்ளைகள் இருவரும் பாய்ந்தார்கள். "ஏன்ப்பா வயசானவங்களைப் படுத்தறே? நேத்துதானே ஆபரேஷன்! ஒரு மாசம் படுக்கையிலேயே வச்சுப் பாத்துக்கறோம், எங்க அம்மா எங்களுக்குப் பாரமில்லே!" பையன் திரும்பிப் போய்விட்டான். தாயைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு பிள்ளைகள் அவளுக்கு ஹார்லிக்ஸ் கலந்தார்கள்.

அன்று இரவு பாட்டிக்குப் புத்தி தடுமாறிற்று. இல்லாத மாட்டை விரட்டினாள். இருந்த மகனைத் திருடன் என்றாள். பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு வயதானவர்களுக்கு இப்படி வருவதுண்டு. பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும். இதுவும் முன்கூட்டிச் சொல்லப்பட்டிருக்க வேண்டிய சங்கதிதான். சொல்லாததால், மந்திரிக்க ஆள் தேடினார்கள். நான்காம் நாள் பாட்டிக்குக் கெண்டைக்கால் வீங்கி, அவளை வேறு வார்டுக்குக் கொண்டுபோனார்கள். அதற்குமேல் எனக்குத் தெரியாது.

பிள்ளைகள் கெட்டவர்களா? இல்லை. அன்புள்ளவர்கள், படித்தவர்கள்கூட. படுக்க வைத்துச் சோறூட்டுவதே பணிவிடை என்று தலைமுறை தலைமுறையாக நம்பி வருகிறவர்கள். அந்த நம்பிக்கையை உடைத்திருக்க வேண்டியது ஆஸ்பத்திரி. உடைத்திருக்க வேண்டிய நேரம் ஆபரேஷனுக்கு முந்தின நாள். அந்தப் பாட்டியிடமே சொல்லியிருந்தால், ஆயுள் முழுதும் வயலில் நடந்த அந்தக் கிழவி, பிள்ளைகளைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றிருப்பாள் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கு ஒரு வழவழப்பான புத்தகம் தருகிறார்கள். அதில் சோபாவில் உட்கார்ந்த வெள்ளைக்காரத் தம்பதி சிரிக்கிறார்கள். தாழ்வான இடத்தில் உட்காராதே, தொண்ணூறு டிகிரிக்கு மேல் குனியாதே, காலைக் குறுக்கே போடாதே, படுக்கும்போது காலிடையே தலையணை வை. எந்தப் பக்கமாகத் திறந்து மூட்டை வைத்தார்கள் என்பதைப் பொறுத்து இந்த விலக்குகள் மாறும். சிலர் ஆறு வாரம் என்பார்கள், சிலர் மூன்று மாதம். தரையில் உட்காருவதையும் குத்துக்காலிடுவதையும் பல டாக்டர்கள் என்றைக்குமே வேண்டாம் என்கிறார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாம் தரையில் வாழ்கிற ஜனம் அல்லவா? சாப்பாடு தரையில், கோலம் தரையில், பூஜை தரையில், படுக்கை தரையில். எல்லாவற்றுக்கும் மேலாகக் கக்கூஸ் தரையில்! அதை இடித்து உயரமானதாகக் கட்ட வாடகை வீட்டுக்காரன் சம்மதிக்க வேண்டும், கொத்தன் கிடைக்க வேண்டும், பத்து நாள் வேண்டும். இதைப் புறப்படுகிற அன்றைக்கா சொல்வது? ஒரு நாற்காலிக் கமோடு வாங்கிவைத்துக்கொள் என்று இரண்டு வாரம் முன்னால் சொல்வதற்கு எந்தச் சாஸ்திரம் தடை?

"டாக்டருக்கு நேரமில்லை" என்ற பதில் வரும். அரசாங்க ஆஸ்பத்திரியைப் பற்றி அப்படிச் சொன்னால் நான் தலைகுனிந்து கேட்டுக்கொள்வேன். ஒரு காலைக்குள் நூற்றுக்கணக்கானவர்களைப் பார்க்கிற அந்த இளைஞர்களிடம் பிரசங்கம் எதிர்பார்ப்பது அநியாயம். ஆனால் நர்ஸ் இருக்கிறாள், பிசியோதெரபிக்காரர் இருக்கிறார், இதே ஆபரேஷன் ஆகி நடந்து போகிற முந்தைய நோயாளி இருக்கிறார். வாரம் ஒரு நாள் அரைமணி, பத்துப் பேரை ஒன்றாக உட்கார வைத்துத் தமிழில் பேசினால் முடிந்தது. கட்டண ஆஸ்பத்திரி மட்டும் இந்தச் சாக்கைச் சொல்லக் கூடாது. எனக்கு டீலக்ஸ் அறைக்கும் செமி-டீலக்ஸ் அறைக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க ஒரு மனிதர் முக்கால் மணி நேரம் செலவிட்டார். அருமையான தமிழில்!

உள்ளே என்ன வைத்தார்கள் என்பதையாவது சொல்கிறார்களா? ஒவ்வொரு மூட்டுப் பெட்டியிலும், எந்தக் கம்பெனி, எந்த மாதிரி, எந்த எண் என்று அச்சிட்ட ஒட்டுச் சீட்டு வரும். அதை ஆஸ்பத்திரிக் குறிப்பேட்டில் ஒட்டுவார்கள். இது அற்ப விஷயமல்ல. ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் டீப்யூ கம்பெனி விற்ற ஏ.எஸ்.ஆர். என்ற இடுப்பு மூட்டில் உலோகமும் உலோகமும் உரசி, கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்தன. 2010-இல் உலகெங்கும் அதைத் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவில் சுமார் 4,700 ஆபரேஷன்களில் அது வைக்கப்பட்டிருந்தது. மத்திய அரசின் நிபுணர் குழு அறிக்கை 2018-இல் வெளியானபோது, அவர்களில் பெரும்பாலோர் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. அவர்களில் எத்தனை பேருக்குத் தம் உடம்புக்குள் இருப்பதன் பெயர் தெரிந்திருக்கும்?

அந்தச் சீட்டின் நகல் வேண்டுமென்று நான் கேட்டேன். "இன்ஷ்யூரன்ஸுக்கா சார்?" என்றார்கள். இல்லை, எனக்கு என்றேன். மெடிக்கல் ரெக்கார்ட்ஸ், பில்லிங், மறுபடி மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் என்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறி இறங்கிய பிறகு கொடுத்தார்கள். லிப்ட் இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.