பச்சிளம் குழந்தையோடு பேச ஆள் வேண்டும்

மணையில் உட்கார்ந்து, காலை நீட்டி, அதன்மேல் குழந்தையைக் கிடத்தி, வெந்நீரைப் பதம் பார்த்து ஊற்றும் பாட்டிமார் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். கை வேலை செய்யும்போது அவர்களுக்கு வாய் ஓயாது. “சுடுதா என் தங்கத்துக்கு? இந்தா, இன்னும் ஒரே சொம்புதான்.” குழந்தை ‘ங்கா’ என்றால் அதற்கும் ஒரு பதில் உண்டு. பச்சிளம் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு எதை வாங்குவது என்று கடை கடையாகத் தேடும் இளம் பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் காட்சியைத்தான்.

பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதே ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் குடிக்கும் குழந்தைக்கும் தாயின் முகத்துக்கும் நடுவே ஏறக்குறைய அவ்வளவுதான் தூரம். காது அதற்கும் முன்பே, வயிற்றுக்குள்ளேயே பழகத் தொடங்கிவிடுகிறது. அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரு ஆய்வாளர்கள் பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் ரப்பர் காம்பை வைத்துப் பார்த்தார்கள். சப்பலுக்கு நடுவே விடும் இடைவெளியை மாற்றினால் தாயின் குரல் கேட்கும்படி ஓர் ஏற்பாடு. வேறொரு பெண்ணின் குரலை விட்டுவிட்டு, அம்மாவின் குரல் கேட்கும் விதமாகவே குழந்தைகள் சப்பின. 1980-இல் வெளியான ஆய்வு இது.

அப்படியானால் குரலைப் பதிவு செய்து ஓடவிட்டால் போதாதா? போதாது. பேட்ரிசியா குல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுவோர் நேரில் உட்கார்ந்து 12 முறை விளையாடினார்கள், கதை படித்தார்கள். அந்தக் குழந்தைகள் சீன மொழிக்கே உரிய ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்களை வீடியோவில் மட்டும் பார்த்த குழந்தைகள் எதையும் கற்கவில்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதை இந்த ஆய்வோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

எட்வர்ட் ட்ரோனிக் 1970-களில் செய்த சோதனை இன்னும் மனதைத் தைக்கும். கொஞ்சிக்கொண்டிருந்த தாய் சட்டென்று முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் குழந்தையைப் பார்க்க வேண்டும். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கையை ஆட்டிப் பார்க்கிறது. பதில் வராதபோது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, அழுகிறது. இவ்வளவும் சில நிமிடங்களுக்குள்.

பாட்டியின் பேச்சைப் போற்றுவதால் பாட்டி செய்வதையெல்லாம் போற்ற வேண்டியதில்லை. மூக்கில் ஊதுவது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாக வைப்பது, வசம்பு உரைத்துக் கொடுப்பது எல்லாம் நிற்க வேண்டும். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் போய்ச் நிமோனியாவில் கொண்டுபோய்விடக்கூடும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். தூங்கும்போது குழந்தை மல்லாந்து படுக்க வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில், பெரியவர் பக்கத்தில் இருக்க, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து நாளுக்கு அரை மணி நேரமாவது குப்புறக் கிடக்கட்டும். கழுத்தும் தோளும் அதில்தான் உறுதிப்படும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, பால் கொடுக்கும்போது போனைப் பார்க்கிறாள் என்று தாயைக் குற்றம் சொல்வது அநியாயம். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பால் கொடுப்பவள் அவள். பல வீடுகளில் பகலெல்லாம் அவளோடு பேசவும் ஆள் இல்லை. குழந்தையோடு பேச முதலில் அவளுக்குத் தூக்கம் வேண்டும், துணை வேண்டும். 2017-இல் சட்டத்தின் வழி 26 வாரமாக உயர்த்தப்பட்ட மகப்பேறு விடுப்பு, சித்தாள் வேலைக்கோ களையெடுக்கவோ போகிற பெண்ணுக்கு எட்டுவதில்லை. தனியார் வேலையில் இருக்கும் தந்தைக்கு விடுப்பு தரச் சொல்லும் சட்டமே இல்லை. தந்தையின் விடுப்பைச் சலுகையாக எண்ணாமல் குழந்தைக்குச் சேர வேண்டிய பங்காகக் கருதிச் சட்டமாக்க வேண்டும். வீட்டுக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியர் எடையையும் தடுப்பூசியையும் பார்த்த பிறகு, அப்பாவையும் கூட உட்காரவைத்து, குழந்தையிடம் எப்படிப் பேசுவது, அது கொடுக்கும் குரலுக்கு எப்படிக் காத்திருப்பது என்று சொல்லிக்கொடுக்க அந்தச் செவிலியருக்கு நேரம் தரப்பட வேண்டும்.

நாள்தோறும் முகம் பார்த்துப் பேசுகிறவர் கண்ணில்தான் குறையும் முதலில் படும். பெரிய சத்தத்துக்குத் திடுக்கிடாத குழந்தை, மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்காத குழந்தை, நான்கு மாதமாகியும் தலை நிற்காத குழந்தை என்றால், ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று காத்திருக்கக் கூடாது. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் அரசு மருத்துவமனைகளில் இதற்காகவே இருக்கின்றன; பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை.