அலைந்தது போதும், எழுதிக் கேட்போம்!

பிறப்புச் சான்று வேண்டுமா? ஊராட்சி ஆபீஸுக்குப் போ. அங்கே இல்லையா? வி.ஏ.ஓ.வைப் பார். அவர் கூட்டத்துக்குப் போயிருக்கிறாரா? தாலுகா ஆபீஸுக்குப் போ. அங்கே போய் நின்றால், "இது பழைய ரிஜிஸ்டர், சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்" என்று பதில் வரும். சார்பதிவாளர் அலுவலகத்திலோ, "எந்த வருஷம், எந்தக் கிராமம்?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் தெரியாமல் திரும்பி வருவோம். கடை அடைத்த நாள் ஒன்று, பஸ் கட்டணம் ஒன்று, மனச்சோர்வு ஒன்று. மறுநாள் ஒரு புரோக்கரின் கையில் ஐந்நூறோ ஆயிரமோ கொடுத்துவிட்டு, "காரியம் முடிந்தால் சரி" என்று இருந்துவிடுகிறோம்.

காரியம் முடிந்துவிட்டதா? இல்லை சகோதரர்களே! அந்த ஒரு காகிதம் வந்தது, அவ்வளவுதான். அடுத்த காகிதத்துக்கு அதே அலைச்சல், அதே புரோக்கர், அதே ஆயிரம். நம் பெயரில் அரசாங்கம் எழுதி வைத்திருக்கும் பதிவை நமக்குக் காட்டுவது எவருடைய தயவும் அல்ல. அது நமது உரிமை. இதை உணராத வரை இந்த அலைச்சல் தீராது.

ஒரே பெயர், இரண்டு ஊர்

விருதுநகர் மாவட்டம் ஆலங்குளத்தை எடுத்துக்கொள்வோம். அரசு சிமெண்ட் ஆலையால் பெயர் பெற்ற ஊர். வெம்பக்கோட்டை வட்டாரத்தைச் சேர்ந்தது. சுற்றிலும் பட்டாசு ஆலைகள், தீப்பெட்டி வேலை, கரிசல் காடு. இதே பெயரில் இன்னொரு ஆலங்குளம் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. அது ஒரு தாலுகாவின் தலைநகரம். இணையத்தில் "ஆலங்குளம்" என்று தேடினால் முதலில் வந்து நிற்பது அந்த ஊர்தான். அவசரத்தில் மாவட்டத்தையும் வட்டத்தையும் மாற்றி அழுத்திவிட்டால், பட்டா எண் சரியாக இருந்தாலும் "விவரம் இல்லை" என்று பதில் வரும். நிலமே இல்லை என்று நினைத்துப் பதறுவோம்.

பழைய பத்திரங்களில் இந்தக் குழப்பம் இன்னும் ஆழமானது. சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாக்கள் 1910 வரை திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தன. அந்த ஆண்டு இராமநாதபுரம் ஜில்லா உருவானபோது அதோடு சேர்ந்தன. 1985இல் இராமநாதபுரத்தைப் பிரித்தபோது காமராஜர் மாவட்டம் பிறந்தது. 1997இல் அதுவே விருதுநகர் மாவட்டம் ஆனது. ஆக, பாட்டனார் காலத்துப் பத்திரத்தில் "திருநெல்வேலி ஜில்லா", தந்தை காலத்தில் "இராமநாதபுரம்", அண்ணன் பள்ளிச் சான்றில் "காமராஜர்", தம்பியின் சான்றில் "விருதுநகர்" என்றிருக்கும். நிலம் நகரவில்லை, வீடு நகரவில்லை. பெயர்தான் மூன்று முறை மாறியது! தென்காசியும் 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆகும் வரை திருநெல்வேலியில்தான் இருந்தது. எனவே "திருநெல்வேலி ஜில்லா ஆலங்குளம்" என்று ஒரு பழைய பத்திரம் சொன்னால், அது எந்த ஆலங்குளம் என்று தாலுகா பெயரையும் எல்லை விவரத்தையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பக்கத்தில் சிவகாசியையும் பாருங்கள். 2021இல் சிவகாசி நகராட்சியும் திருத்தங்கல் நகராட்சியும் இணைந்து சிவகாசி மாநகராட்சி ஆனது. திருத்தங்கலில் கடை வைத்திருக்கும் வியாபாரியின் பழைய வரி ரசீதில் ஒரு அலுவலகத்தின் பெயர், இன்றைய ரசீதில் வேறு அலுவலகத்தின் பெயர். வங்கி மேலாளர் கேட்டால் விளக்கம் சொல்ல வேண்டியவர் யார்? கடைக்காரர்தான்!

அலுவலகங்களை மாற்றுவது அரசின் உரிமையாக இருக்கலாம். மாற்றிய பிறகு, எந்த வருடத்துப் பதிவேடு எந்த அலமாரியில் இருக்கிறது என்று மக்களுக்குச் சொல்வது அரசின் கடமை. அந்தக் கடமைதான் இன்றுவரை நிறைவேறாமல் கிடக்கிறது.

தேவை வந்த பிறகு தேடினால்...

2025 நவம்பர் 4 அன்று தமிழகத்தில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வீடு வீடாகப் படிவம் வந்தது. 2002, 2005ஆம் ஆண்டுப் பட்டியல்களில் உன் பெயரோ உன் பெற்றோர் பெயரோ எங்கே என்று கேட்டது. இருபது ஆண்டுகளுக்கு முன் எந்தத் தெருவில் குடியிருந்தோம், எந்தப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்டோம் என்று குடும்பங்கள் உட்கார்ந்து யோசித்தன. டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வந்தபோது சுமார் 97 லட்சம் பெயர்கள் அதில் இல்லை. இறந்தவர்களும் இரட்டைப் பதிவுகளும் ஊர் மாறியவர்களும் அதில் அடக்கம் என்பது உண்மை. ஆனால் பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போய்க் கடை போட்ட வியாபாரியும், வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் தொழிலாளியும் அந்த வாரங்களில் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும்.

அதே மாதங்களில் பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கு இன்னொரு சோதனை. 2025இல் திருத்தப்பட்ட வக்ஃப் சட்டத்தின்படி, எல்லா வக்ஃப் சொத்துகளின் விவரத்தையும் ஆறு மாதத்துக்குள் "உமீத்" தளத்தில் ஏற்ற வேண்டும் என்றார்கள். தளம் திறந்தது ஜூன் 6. காலக்கெடுவை நீட்டிக்கக் கோரிய மனுக்களை உச்ச நீதிமன்றம் டிசம்பர் 1 அன்று ஏற்கவில்லை. தேவைப்படுவோர் தீர்ப்பாயத்தை அணுகலாம் என்றது. சட்டத்தை எதிர்த்து நாம் போராடுவது ஒரு பக்கம். பள்ளிவாசலின் சர்வே எண் என்ன, மையவாடியின் பரப்பளவு என்ன, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் எத்தனை முத்தவல்லிகள் கடைசி வாரத்தில் ஓடினார்கள் என்பது மறுபக்கம். நூறு ஆண்டுகளாக நம் கையில் இருக்கும் இடத்தின் சர்வே எண்ணைத் தெரிந்துகொள்ள ஒரு சட்டம் வந்து நம்மை விரட்ட வேண்டுமா? சிந்திக்க வேண்டும்!

இவற்றைவிடக் கொடியது பட்டாசு விபத்து. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்து சுமார் நாற்பது உயிர்களைக் குடித்தது. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். விபத்து நடந்ததும் அமைச்சர்கள் வருவார்கள், நிவாரணம் அறிவிப்பார்கள். அந்தப் பணம் வீடு வந்து சேர இறப்புச் சான்று வேண்டும். வாரிசுச் சான்று வேண்டும். குழந்தைகளின் பிறப்புச் சான்று வேண்டும். எல்லாவற்றிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். ஆலையின் வருகைப் பதிவேட்டில் பெயரே ஏறாத தொழிலாளியின் குடும்பம் எதைக் காட்டும்? துக்கம் ஆறும் முன்பே தாலுகா ஆபீஸ் படியில் நிற்கும் அந்த விதவைக்கு மதம் ஏது, சாதி ஏது? இந்தப் பிரச்னை நம் சமுதாயத்துக்கு மட்டும் உரியதல்ல; கரிசல் மண்ணின் ஏழைகள் எல்லோருக்கும் உரியது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது

தகவல் பெறும் உரிமைக்குச் சட்டம் செய்த முதல் மாநிலம் நம் தமிழகம், ஆண்டு 1997. ஆனால் அந்தச் சட்டத்தில் விலக்குகள் அதிகம், பலன் குறைவு. இந்த உரிமையை உயிரோடு கேட்டவர்கள் இராஜஸ்தான் கிராமங்களின் கூலித் தொழிலாளர்கள். "எங்கள் பெயரில் எவ்வளவு கூலி எழுதியிருக்கிறீர்கள், பதிவேட்டைக் காட்டுங்கள்" என்று கேட்டு 1996இல் பியாவர் நகரில் நாற்பது நாள் உட்கார்ந்தார்கள். படிக்கத் தெரியாதவர்கள் பலர் அதில் உண்டு. அந்தப் போராட்டங்களின் பலன்தான் 2005 அக்டோபர் 12 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம்.

அந்தச் சட்டம் சொல்வதை இளைஞர்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் அது மனு. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்கு அந்தப் பத்து ரூபாயும் இல்லை. எதற்காகக் கேட்கிறாய் என்று அதிகாரி கேட்கக் கூடாது. முப்பது நாளில் பதில் தர வேண்டும். உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதானால் 48 மணி நேரத்தில். காலக்கெடு தவறினால் நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிவேட்டை நேரில் உட்கார்ந்து பார்வையிடவும் நமக்கு உரிமை உண்டு.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. "இது எங்கள் ஆபீஸ் இல்லை" என்று சொல்லி மனுவைத் திருப்பி அனுப்ப முடியாது. உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாளுக்குள் அவர்களே அனுப்பி, நமக்கும் தகவல் சொல்ல வேண்டும். ஆம், சகோதரர்களே! அலைய வேண்டியது நாம் அல்ல, நம் மனு! பதில் வராவிட்டால் முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் பலனில்லை என்றால் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். காரணமில்லாமல் தாமதித்த அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

எதற்கெடுத்தாலும் இந்த மனுவைப் போட வேண்டும் என்று சொல்லவில்லை. வில்லங்கத்தைப் பதிவுத் துறையின் தளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புல வரைபடம் ஆகியவை வருவாய்த் துறையின் தளத்தில் உள்ளன. சாதி, வருமான, வாரிசுச் சான்றுகளுக்கு இ-சேவை மையம் உண்டு. எந்த வழியில் போனாலும் விண்ணப்ப எண் எழுதிய ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள். ரசீது இல்லாத மனு, கொடுக்காத மனு. திங்கட்கிழமை தோறும் கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை தாலுகாவில் ஜமாபந்தி நடக்கிறது. கிராமக் கணக்குகள் எல்லாம் மேஜைக்கு வரும் நாள்கள் அவை. பட்டாவில் பெயர்ப் பிழையா? அன்று போய் நில்லுங்கள். 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, தனி அலுவலர்கள் நியமிக்கப்பட்டார்கள். கேள்வி கேட்க நம் ஊர்த் தலைவர் இல்லாத நேரத்தில் எழுத்துபூர்வமான மனுவுக்கு மதிப்பு கூடுகிறது, குறைவதில்லை.

நம் வீட்டுக் குறைகள்

அரசை மட்டும் குறை சொல்லிவிட்டு ஒதுங்குவது நியாயமாகாது. ஒரே மனிதர் பள்ளிச் சான்றில் "முகமது", ரேஷன் கார்டில் "முஹம்மது", ஆதாரில் "மொகமத்". தந்தை பெயர் ஒன்றில் முழுமையாக, இன்னொன்றில் முதலெழுத்தாக. இவர் மூவரா, ஒருவரா? குழந்தைக்குப் பெயர் வைக்கும் அன்றே எழுத்தைத் தீர்மானித்து, கடைசிவரை அதையே எழுதினால் என்ன குறைந்துவிடும்?

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் இல்லாமல் பதிந்தால் பதினைந்து ஆண்டுகள் வரை பெயர் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், வாக்காளர் பட்டியல் அனைத்துக்கும் பிறப்புத் தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம் பிறப்புச் சான்றுதான். இன்று அலட்சியம் காட்டும் தந்தை, பதினெட்டு ஆண்டுகள் கழித்துத் தன் பிள்ளையை அலைய விடுகிறார்.

ஜமாஅத் நிக்காஹ் தஃப்தர் நமது பெருமை. ஆனால் 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி, 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிய வேண்டும். எந்த மதத்தவருக்கும் இதில் விலக்கில்லை. நாளை அந்தப் பெண்ணுக்குப் பாஸ்போர்ட்டோ வாரிசு உரிமையோ தேவைப்படும்போது கேட்கப்போவது அந்தக் காகிதத்தைத்தான்.

முஸ்லிம்களுக்கு 2007இல் கிடைத்த 3.5 சதவீத இட ஒதுக்கீட்டை அனுபவிக்கவும் காகிதம் வேண்டும். லெப்பை, தக்னி, ஷேக், சையத் என்று பட்டியலில் உள்ள பிரிவின் பெயர் சாதிச் சான்றில் தெளிவாக இருக்க வேண்டும். வெறும் "முஸ்லிம்" என்று எழுதிய சான்றை வைத்துக்கொண்டு கல்லூரிச் சேர்க்கையின் கடைசி நாளில் ஓடுவது யாருடைய குற்றம்? டாம்கோ கடன் கேட்கும் சிறு வியாபாரிக்கும் இதே கதைதான். கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள், சாட்சி வைத்துக்கொள் என்று கற்றுக் கொடுத்த மார்க்கம் நம்முடையது. எழுத்தை மதிக்காத சமுதாயமாக நாம் இருக்கலாமா?

செய்ய வேண்டியவை

ஒவ்வொரு மஹல்லாவிலும் வாரத்தில் ஒரு மாலை, ஒரு மேஜை, படித்த இளைஞர் இருவர் போதும். எந்தச் சான்றுக்கு எந்த அலுவலகம், எந்த வருடப் பதிவேடு எங்கே என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். பள்ளிவாசல், மையவாடி, மதரஸா இடங்களின் சர்வே எண், பட்டா, வில்லங்கம், வரைபடம் ஆகியவற்றை எடுத்து இரண்டு கோப்புகளாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பள்ளியில், ஒன்று வெளியே. உதவி கேட்டு வருபவர் எந்தச் சமுதாயத்தவரானாலும் மனு எழுதிக் கொடுங்கள். வியாபாரிகள் தங்கள் சங்கத்தில் உரிமம் புதுப்பிக்கும் தேதிகளை எழுதிப் போடுங்கள்.

அரசிடம் நாம் கேட்பது பெரிய சலுகை அல்ல. ஒவ்வொரு கிராம நிர்வாக அலுவலகத்திலும், ஊராட்சியிலும், சார்பதிவாளர் அலுவலகத்திலும் ஒரு பலகை வையுங்கள். இங்கே எந்தெந்தப் பதிவேடு, எந்த ஆண்டு முதல் இருக்கிறது, பழையது எங்கே போயிற்று, நகலுக்குக் கட்டணம் எவ்வளவு, எத்தனை நாளில் கிடைக்கும் என்று தமிழில் எழுதுங்கள். பதிவேடுகளை அட்டவணையிட்டுத் தாமாக முன்வந்து வெளியிட வேண்டும் என்று தகவல் சட்டத்தின் நான்காம் பிரிவு இருபது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. புதிய சட்டம் வேண்டாம். இருக்கும் சட்டத்தை ஒரு பலகையில் எழுதி மாட்டினால் போதும்.

அந்தப் பலகை வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. "உங்கள் அலுவலகத்தில் உள்ள பதிவேடுகளின் பட்டியலைத் தருக" என்று பத்து ரூபாய் வில்லை ஒட்டி இந்த வாரமே ஒரு மனு போடுங்கள். வரும் பதிலைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஊருக்கு ஒரு இளைஞர் இதைச் செய்தால், அடுத்த ஜமாபந்திக்குள் அந்த ஊர் புரோக்கருக்கு வேலை இருக்காது!