பிரம்பு நாற்காலிக்கு 5% ஜிஎஸ்டியா? பில்லைப் பாருங்க!

தேக்கு ஃப்ரேம், பிரம்புப் பின்னல், தலைகீழ் 'வி' வடிவக் கால்கள். இன்ஸ்டாகிராமில் கண்ணில் படும் இந்த 'சண்டிகர் சேர்', 1950-களில் அந்நகர அரசு அலுவலகங்களுக்காக சுவிஸ் கட்டடக் கலைஞர் பியர் ழான்னரே குழுவினர் வடிவமைத்தது. பழைய சாமானாகக் கழித்துக் கட்டிய அசல் நாற்காலிகள் இன்று வெளிநாட்டு ஏலங்களில் லட்சங்களில் விலை போகின்றன. நமக்குக் கட்டுப்படியாவது அதன் சாயல்தான்.

2025 செப்டம்பர் 22 முதல் பிரம்பு, மூங்கில் ஃபர்னிச்சருக்கான ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமானது. அப்போ இதுவும் விலை குறையுமா? குறையாது. 'முழுக்க' மூங்கில், பிரம்பால் செய்ததற்கே சலுகை. மர ஃப்ரேம் இருந்தால் பழையபடி 18 சதவீதம். அதாவது, 10,000 ரூபாய் நாற்காலிக்கு வரி 500 அல்ல, 1,800. ஒரே வார்த்தையில் 1,300 ரூபாய் வித்தியாசம்!

பட்ஜெட் இடிக்குதா? பின்னல் கிழிந்த பழைய தேக்கு நாற்காலி வீட்டில் கிடந்தால் தூக்கிப் போடாதீங்க. ஆட்டிப் பாருங்க, ஃப்ரேம் உறுதியா இருந்தால் பின்னல் மட்டும் புதுசா போட்டுக்கலாம். ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்குள் தொழில் செய்யும் பின்னல்காரர் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை. அப்படிப் பதிவு செய்யாதவர் வரி வசூலிக்கவும் முடியாது. இயற்கைப் பிரம்பா, பிளாஸ்டிக்கா என்பதை முதலிலேயே கேட்டுக்கோங்க. போட்டோவில் ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியும்.